சாலைக்கு வாடகை யார் தர வேண்டும்?

தி.நகர் வெங்கட்நாராயணா சாலையில் ஒரு மாலை நேரம். கேரியரில் பெரிய டீ கேன், ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் காகிதக் கோப்பைகள் நிறைந்த பை, மறுபக்கம் பிஸ்கெட் டப்பா. அத்தனையையும் கட்டிக்கொண்டு ஒருவர் சைக்கிள் மிதித்துப் போனார். ஐம்பது வயதிருக்கும். பின்னால் வந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. சிக்னலில் நின்றதும் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, “ரோட்டுக்கு வரி கட்டித்தானே நாங்கள் வண்டி ஓட்டுகிறோம்? நடுரோட்டில் மிதித்துக்கொண்டு போனால் எப்படி? ஓரமாகப் போய்யா” என்றார். டீக்காரர் கோபப்படவில்லை. இடதுபக்கம் கையைக் காட்டி, “ஓரத்தில் எங்கே சார் இடம் இருக்கிறது?” என்று கேட்டார். ஓரம் முழுவதும் கார்கள். ஒன்றையொன்று முட்டாத குறையாக, சிக்னல் வரைக்கும் வரிசையாக நின்றிருந்தன.

பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றிருந்த நான் அந்த இரண்டு கேள்விகளையும் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன். சாலையைப் பயன்படுத்த யார் காசு கட்ட வேண்டும், எதற்காக, எவ்வளவு என்பது பொருளாதார அறிஞர்கள் நூறாண்டாக விவாதித்துவரும் விஷயம். ஆனால் அதன் அடிப்படை மிகவும் எளிது. சென்னையில் ஒரு வாரம் வண்டி ஓட்டிய எவருக்கும் விளங்கிவிடும்.

‘ரோட்டு வரி’ எங்கே போகிறது?

கார்க்காரர் சொன்ன வரியிலிருந்தே தொடங்கலாம். நாம் ரோடு டாக்ஸ் என்று சொல்வதற்குச் சட்டத்தில் மோட்டார் வாகன வரி என்று பெயர். மாநில அரசு வசூலிக்கும் வரி இது. பைக்குக்கும் சொந்தக் காருக்கும் வாங்கும்போதே ஆயுட்கால வரியாகக் கட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு விலையில் 10 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 12 சதவீதம். கார் என்றால் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20 சதவீதம்.

எட்டு லட்ச ரூபாய்க் காருக்கு ஒரு லட்சத்து நான்காயிரம் ரூபாய் வருகிறது. கட்டுபவருக்குக் கை வலிக்கும் தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பதினைந்து ஆண்டுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்தொன்பது ரூபாய். அந்தக் கார் போர்டிகோவில் உறை போட்டு நின்றாலும் பத்தொன்பது ரூபாய்தான். தினமும் காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலையில் ஏறி மாலையில் அதே நெரிசலில் திரும்பினாலும் பத்தொன்பது ரூபாய்தான். வண்டியை வைத்திருப்பதற்கான வரி இது. சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் ஆகாது.

அந்தப் பணம் சாலைக்கென்று தனிப் பெட்டியில் விழுவதும் இல்லை. அரசின் பொதுக் கருவூலத்தில் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பளத்துக்கும் போவதுபோல் சாலைக்கும் கொஞ்சம் போகிறது. சென்னையில் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ள உட்புறச் சாலைகள் மட்டுமே ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சொத்து வரியும் அரசு தரும் நிதியும் சேர்ந்துதான் அவற்றைப் போடுகின்றன. சொத்து வரியை வீட்டுக்காரர் கட்டுகிறார்; அது வாடகையில் ஏறி, குடியிருப்பவர் தலையில் இறங்குகிறது. டீக்காரர் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தாலும் அதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. சைக்கிளுக்கே 2025 செப்டம்பர் வரை 12 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, பிறகுதான் 5 ஆனது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 621 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, அந்தப் பணத்திலும் அவர் கொடுத்த சில காசுகள் இருந்தன. அந்தப் பாலத்தில் அவர் சைக்கிள் ஏறப்போவதில்லை.

ஆகவே சாலைக்கு வரி கட்டாதவர் என்று இந்த ஊரில் ஒருவரும் இல்லை. பிரிட்டனிலும் இதே வாதம் சைக்கிள்காரர்கள் மீது இன்றும் வீசப்படுகிறது. அங்கே வாகன வரியைச் சாலைக்கென்று ஒதுக்கிவைக்கும் முறை 1937லேயே முடிந்துவிட்டது. முறை போனாலும் வாக்கியம் போகவில்லை.

பெட்ரோல் வரி இதைவிடக் கொஞ்சம் நியாயமானது. அதிகம் ஓட்டுபவர் அதிகம் கட்டுகிறார். ஆனால் அதிகாலை நான்கு மணிக்குக் காலியான கிழக்குக் கடற்கரைச் சாலையில் எரியும் ஒரு லிட்டருக்கும், மாலை ஏழு மணிக்கு பனகல் பார்க்கைச் சுற்றும்போது எரியும் ஒரு லிட்டருக்கும் வரி ஒன்றே. மின்சாரக் காருக்கு அதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்கு மோட்டார் வாகன வரியில் விலக்கும் தருகிறார்கள். புகையைக் குறைக்க இது தேவைதான். ஆனாலும் மின்சாரக் கார் அடைக்கும் இடம் பெட்ரோல் கார் அடைக்கும் அதே இடம். இன்னும் சில ஆண்டுகளில் இந்தக் கணக்கு எல்லா அரசுகளுக்கும் தலைவலியாகும்.

சாலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது

யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கு நேர்மையான வழி, சாலையிலிருந்து யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது.

முதலில் தேய்மானம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்த கணக்கைத்தான் சாலைப் பொறியாளர்கள் இன்றும் தோராயமாகப் பயன்படுத்துகிறார்கள். ஓர் அச்சின் மீது விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை. பதினாறு மடங்கு ஆகிறது. எடையின் நான்காம் அடுக்கில் சேதம் ஏறுகிறது. சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ, ஓர் அச்சுக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,200 கிலோ கார் என்றால் அச்சுக்கு 600 கிலோ. எடையில் பதினைந்து மடங்கு. சேதத்தில் ஐம்பதாயிரம் மடங்கு. கார் ஒரு தடவை போவதால் தேயும் சாலையைத் தேய்க்க டீக்காரர் ஐம்பதாயிரம் தடவை மிதிக்க வேண்டும். அச்சுக்குப் பத்து டன் ஏற்றிய லாரிக்கு முன்னால் காரும் இப்படித்தான் ஒன்றுமில்லாமல் போகிறது. எனவே தேய்மானத்துக்குக் காசு என்றால் லாரியிடம் கேட்கலாம். சைக்கிளிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது இடம். சென்னையைப் போன்ற ஊரில் உண்மையான சண்டை இதற்குத்தான். ஒரு கார் நிற்க ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். பன்னிரண்டரை சதுர மீட்டர். நம் வழக்கப்படி சொன்னால் ஏறக்குறைய 135 சதுர அடி. இந்த ஊரில் அதே அளவு அறையில் அடுப்பும் கட்டிலும் போட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. தி.நகர் கடைத்தெருவில் சதுர அடிக்கு மாதம் நூறு ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால்கூட அந்த இடத்தின் வாடகை மாதம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய். கார் அங்கே நிற்பதற்கு மாநகராட்சியின் கட்டண நிறுத்தத் திட்டம் 2019இல் தொடங்கியபோது மணிக்கு 20 ரூபாயும், இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாயும் கேட்டது. திட்டம் எட்டாத பெரும்பாலான தெருக்களில் கட்டணமே இல்லை.

இதை நான் வசிக்கும் மேற்கு மாம்பலத்தில் தினமும் பார்க்கிறேன். எங்கள் தெரு முனையில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. வேப்பமரத்தடியில், கார் அடைக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பதினைந்து வருடமாக அந்த இடத்தில் சம்பாதித்துத்தான் அவர் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தார். புதிதாக வரும் அதிகாரி எவரானாலும் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த இடம் யாருடையது? சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014இல் வந்த மத்தியச் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் வேண்டும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். அவருக்கு இரண்டு அடி தள்ளி, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் நகரும் கார் ஒன்று நிற்கிறது. அதனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தள்ளுவண்டி நின்றால் ஆக்கிரமிப்பு என்கிறோம். கார் நின்றால் பார்க்கிங் என்கிறோம். இடம் ஒன்றுதான், தெரு ஒன்றுதான். இந்த ஒரு முரண்பாட்டுக்காகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஓடும்போதும் இதே கதை. ஒரு மாநகரப் பேருந்து இரண்டு, இரண்டரை கார்களின் நீளத்தில் அறுபது பேரைக் கொண்டுபோகிறது. அதே நீளத்துக்குக் கார்களில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பேர் போகிறார்கள். வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே முக்கியம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது.

மூன்றாவது நேரம். இதுதான் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது.

ரேஷன் கடையில் இலவச அரிசி வாங்கக் காசு வேண்டாம். ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். காசில் கொடுக்காததை நேரத்தில் கொடுக்கிறோம். இலவசச் சாலையும் அப்படித்தான். நெரிசல் என்பது நீண்டுபோன வரிசை. இந்த வரிசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு: அதில் சேரும் ஒவ்வொருவரும் தான் காத்திருப்பதை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார், தனக்குப் பின்னால் இருப்பவர்களைக் காக்கவைப்பதை எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாலை ஆறரை மணிக்கு நந்தனம் சிக்னலை நோக்கி என் வண்டி ஒன்று கூடுதலாகச் சேர்கிறது. எனக்குப் பின்னால் ஐந்நூறு வண்டிகள் என்று வையுங்கள். என்னால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நொடி மட்டும் தாமதம். மொத்தம் ஐந்நூறு நொடி, எட்டு நிமிடத்துக்கும் மேல். அந்த வரிசையில் அறுபது பேர் ஏறிய பஸ் பத்து இருந்தால் கணக்கு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். என் பயணத்துக்கான செலவு என்று நான் நினைப்பது என் பெட்ரோலும் என் இருபது நிமிடமும்தான். மற்றவர்களின் நேரத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டதற்கு யாரும் என்னிடம் பில் நீட்டுவதில்லை. ஒருவர் செய்வதன் செலவு அடுத்தவர் தலையில் விழுந்தால் அதற்கு ஒரு கட்டணம் வேண்டும் என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகு 1920இலேயே எழுதினார். நெரிசல் நேரத்துக்கு ஒரு விலை, மற்ற நேரத்துக்கு ஒரு விலை என்ற யோசனையை 1950களிலிருந்தே விடாமல் வலியுறுத்தியவர் வில்லியம் விக்ரி. 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள்; மூன்றே நாளில் அவர் இறந்துபோனார்.

இப்படி நெரிசல் உள்ள இடத்தில், நெரிசல் உள்ள நேரத்தில் மட்டும் வாங்கும் காசுக்குத்தான் நெரிசல் கட்டணம் என்று பெயர். எல்லாரையும் சாலையிலிருந்து விரட்டுவது அதன் நோக்கம் இல்லை. மே மாதம் பள்ளிகள் மூடியிருக்கும்போது சென்னைச் சாலைகள் எப்படி மூச்சுவிடுகின்றன என்று கவனித்திருப்பீர்கள். ஊரே காலியாகிவிடவில்லை, வண்டிகளில் ஒரு பகுதிதான் குறைகிறது. நிரம்பி வழியும் சாலையில் கடைசியாகச் சேரும் சில வண்டிகள்தான் மொத்தத்தையும் நிறுத்திவைக்கின்றன. அந்தச் சிலர் ஒரு மணி நேரம் தள்ளிப் போனாலோ மெட்ரோவில் ஏறினாலோ போதும்.

நான்காவதான புகையும் சத்தமும் விபத்தும் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சைக்கிளில் இவை மூன்றும் ஏறக்குறைய இல்லை.

சைக்கிள்காரர் பக்கமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுச் சாலையில் மெதுவாகப் போகும் சைக்கிள் பின்னால் வருபவர்களைத் தாமதப்படுத்துகிறது, அது உண்மை. ஆனால் அவர் நடுவுக்கு வந்தது ஓரம் பறிபோனதால். காசு வாங்கினால் அவர் வேகமாக மிதிக்கப்போவதில்லை. ஆறடி ஓரத்தைத் திருப்பிக் கொடுத்தால் நடுவை விட்டுவிடுவார்.

சைக்கிளுக்கும் ஒரு காலத்தில் வரி இருந்தது

சைக்கிளுக்கு வரி என்பது கேள்விப்படாத விஷயம் இல்லை. நம் ஊர்களில் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் ஆண்டுதோறும் சைக்கிள் வரி வாங்கிக்கொண்டு, ஒரு சிறிய உலோக வில்லை கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். என் தாத்தாவின் சைக்கிளில் ஆணி தளர்ந்த அந்த வில்லை கடைசி வரை ஆடிக்கொண்டிருந்தது. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் வாகன வரி பற்றிய பகுதி, இயந்திரத்தால் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் வரி போடலாம் என்றே மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. எனவே சட்டப்படி முடியும். ஆனால் அது முட்டாள்தனம். ஆண்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்க ஒரு பதிவெண், ஒரு அலுவலகம், மடக்கிப் பிடிக்க ஓர் ஆள் என்று செலவு வரவைத் தின்றுவிடும். தவிர, இந்த அரசுதான் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்து மறுகையால் வரி கேட்க முடியாது.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

முதலில் துணிந்த நகரம் சிங்கப்பூர். 1975இல் நகர மையத்துக்குள் நுழையக் காகித உரிமச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்றார்கள். 1998இல் அது, கடந்துபோகும் வண்டியிடம் தானே கட்டணம் பிடிக்கும் மின்னணு வளைவுகளாக மாறியது. லண்டன் 2003 பிப்ரவரி 17 அன்று 5 பவுண்டில் தொடங்கியது. 2020இல் அது 15 பவுண்டு ஆனது. நியூயார்க் 2025 ஜனவரி 5 அன்று, மன்ஹாட்டனின் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் கார்களுக்கு 9 டாலர் என்று தொடங்கி, அந்த வருமானத்தை சப்வே எனப்படும் பாதாள ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒதுக்கியது. இவற்றில் எங்கும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம். அங்கே மக்களுக்கு இது பிடிக்கவில்லை. சரி, ஏழு மாதம் நடத்திப் பார்க்கிறோம், பிறகு நீங்களே ஓட்டுப் போடுங்கள் என்றார்கள். 2006 ஜனவரியில் தொடங்கியதும், கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலை இறுதியில் சோதனை முடிந்ததும் வண்டிகள் பெரும்பாலும் பழையபடி திரும்பி வந்தன. தெருவில் நடந்த வித்தியாசத்தை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகள் கட்டணம் வேண்டும் என்றார்கள். 2007 ஆகஸ்ட் முதல் அது நிரந்தரம்.

லண்டனில் கட்டணம் தொடங்கிய அதே நாளில் ஏறக்குறைய 300 கூடுதல் பஸ்கள் ஓடத் தொடங்கின. ஸ்டாக்ஹோமில் புதிய பஸ் தடங்கள் சில மாதம் முன்பே வந்துவிட்டன. காரை விட்டு இறங்குபவர் கால் வைக்க ஒரு படிக்கட்டு முதலில் தயாராக இருந்தது. சென்னையில் இதைப் பற்றி யார் பேசினாலும் இந்த வரிசை மாறக்கூடாது: முதலில் பஸ், பிறகு கட்டணம்.

சிறப்பு தரிசனம் ஆகிவிடாதா?

இந்தத் திட்டத்தைப் பற்றி எங்கே பேசினாலும் வரும் எதிர்ப்பு இதுதான். கோயிலில் தர்ம தரிசன வரிசை வெயிலில் நெளிய, டிக்கெட் வாங்கியவர் நேரே உள்ளே போகிறார். சாலையையும் அப்படி ஆக்கிவிட்டால் பணக்காரர் பறப்பார், ஏழை நிற்பார். இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு.

ஆனால் இன்றைய வரிசையைப் பாருங்கள். மாலையில் உஸ்மான் சாலையில் நகராமல் நிற்கும் பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் யார்? துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பெண்கள், ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்த தொழிலாளி. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இருந்தும் அவர்களுடைய நேரத்தைச் சுற்றியுள்ள கார்கள் எடுத்துக்கொள்கின்றன. இப்போதே இந்தச் சாலையில் ஏழையின் நேரத்தில்தான் மற்றவர்கள் இலவசமாகப் போகிறார்கள். கட்டணம் அந்த பஸ்ஸை நகர்த்தினால், வந்த பணம் இன்னொரு பஸ் வாங்கினால், அது ஏழைக்குப் போகும் பணம். பொதுக் கருவூலத்தில் போய்க் கரைந்துவிட்டால் சிறப்பு தரிசனம் என்ற பழி சரியானதுதான்.

இருசக்கர வாகனம் வேறு வழக்கு. கணவன், மனைவி, நடுவில் பிள்ளை என்று ஒரே வண்டியில் போகும் குடும்பத்துக்கு அதுதான் கார். உணவு கொண்டுவரும் இளைஞருக்கும் பிளம்பருக்கும் அதுதான் பிழைப்பு. நிற்கும்போது ஒரு கார் இடத்தில் ஐந்தாறு வண்டி அடங்கிவிடும். லண்டனும் ஸ்டாக்ஹோமும் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டன. சிங்கப்பூர் காரைவிடக் குறைவாக வாங்குகிறது. பஸ்கள் போதுமான அளவு வரும்வரை சென்னையில் பைக்கிடம் நெரிசல் கட்டணம் கேட்கக்கூடாது என்பது என் கருத்து. நடைபாதையில் நிறுத்தினால் மட்டும் தயவு காட்டக்கூடாது.

சுங்கச்சாவடி என்ற கசப்பும் நமக்கு உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் சுங்கம் கட்டி, கட்டிய பிறகும் நெரிசலில் நின்றவர்கள் நாம். மெட்ரோ பணிகளையொட்டி 2021 ஆகஸ்ட் 30 முதல் அங்கே வசூல் நின்றது. சுங்கத்தையும் நெரிசல் கட்டணத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுங்கம் சாலை போட்ட கடனை அடைக்க வாங்குவது. நள்ளிரவுக்கும் காலை ஒன்பதுக்கும் ஒரே விலை. வண்டி அதிகமாக வர வர அதற்கு லாபம். நெரிசல் கட்டணத்தின் வெற்றி வண்டி குறைவதில் இருக்கிறது.

சென்னை எங்கிருந்து தொடங்கலாம்?

கேமராவும் வளைவும் வைத்து எல்லை போடுவதற்கு முன்னால் கையருகில் ஒரு வழி இருக்கிறது: நிறுத்தக் கட்டணம். கடந்த தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, மைத்துனரின் காரில் குடும்பமாகத் துணி எடுக்கப் போனோம். பனகல் பார்க், ஜி.என். செட்டி சாலை, மீண்டும் பனகல் பார்க். முப்பத்தைந்து நிமிடம் சுற்றினோம். காருக்குள் இருந்து நெரிசலைத் திட்டிக்கொண்டிருந்தபோது என் அக்கா மகள் கேட்டாள்: “மாமா, எல்லாரும் நம்மைப்போல் இடம்தான் தேடுகிறார்களா?” ஆம். எங்கும் போகாமல் இடத்துக்காக மட்டும் சுற்றும் வண்டிகள் அந்த நெரிசலில் எத்தனையோ. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் தன் வாழ்நாள் முழுவதும் சொன்னது இதைத்தான்: தெருவில் எப்போதும் ஓரிரு இடம் காலியாக இருக்கும் அளவுக்கு நிறுத்தக் கட்டணத்தை வையுங்கள், வரும் பணத்தை அதே தெருவுக்குச் செலவிடுங்கள்.

இதில் நாம் தலைகீழாக நிற்கிறோம். தணிகாசலம் சாலையில் பலமாடி வாகன நிறுத்தம் கட்டினோம். ஆனால் பக்கத்துத் தெருவில் ஓசியில் நிறுத்த முடிந்தால் யார் மாடி ஏறுவார்? தெருவோரம் மாடியைவிட விலை கூடுதலாக இருக்க வேண்டும். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தபோது, வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று பயந்தவர்கள் உண்டு. இன்று மாலையில் அங்கே போய்ப் பாருங்கள். தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகின்றன, கடைக்குள்ளும் கூட்டம் இருக்கிறது. 2014இலேயே போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதென்று கொள்கை வகுத்த மாநகராட்சி இது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. அதை நடத்தப் பணம் எங்கே என்றால், ஓரத்தில் நிற்கிறது.

குடியிருப்புத் தெருக்களுக்கு மாதச் சீட்டு முறை பொருந்தும் என்று நினைக்கிறேன். வீட்டில் இடமில்லாமல் தெருவில் நிறுத்தும் காருக்கு, அதன் நீளத்தை வைத்து ஒரு மாத வாடகை. இரண்டாவது காருக்கு இரு மடங்கு. இஸ்திரி வண்டிக்கும் அதே சதுர அடிக் கணக்கில் சீட்டு கொடுத்தால், அதிகாரி வரும்போது காட்ட அவரிடமும் ஒரு காகிதம் இருக்கும். எங்கள் தெருவில் நேற்றிரவு எண்ணினேன்: பதினான்கு கார்கள். வார்டில் குடியிருப்பவர்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் அடுத்து நடக்கும்போது இந்த எண்ணையும், நாடாவால் அளந்த தெருவின் அகலத்தையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். கேட்கப்போவது இரண்டே விஷயம்: இந்தப் பதினான்கு இடங்களுக்கு வாடகை எவ்வளவு, அந்தப் பணத்தில் எங்கள் தெருவில் நடைபாதை எந்த மாதம் போடுவீர்கள்.